பிடிபட்டவன் எல்லாம் கள்வனா?

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து, கோயில் முற்றத்து வேப்பமர நிழலில் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். திருப்புவனம் நிகழ்ச்சி செய்தித்தாள்களை நிறைத்திருந்த நாள்கள் அவை. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவரை, காரில் இருந்த நகைகள் காணாமற்போயின என்ற புகாரின்பேரில் காவல்துறைத் தனிப்படையினர் அழைத்துச் சென்றனர். முறைப்படி வழக்குப் பதியாமலே விசாரித்தனர். மறுநாள் அவர் பிணமானார். உடற்கூற்று அறிக்கை 44 காயங்களை எண்ணிச் சொன்னது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை கொதித்துப் பேசியது. காவலர் ஐவர் கைதாகி, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று.

முற்றத்தில் நின்றவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாள்தோறும் நற்கருணை வாங்குபவர். யாருக்கும் தீங்கு நினையாதவர். அவர்தான் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நெருப்பில்லாமல் புகையுமா சாமி? ஒன்றும் செய்யாதவனைப் போலீஸ் ஏன் பிடிக்கப்போகிறது? அடித்தது தப்புதான். ஆனாலும்..." அந்த 'ஆனாலும்' என்ற சொல்லுக்கு மற்றவர்கள் தலையசைத்தார்கள். மறைக்கல்வி வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று நான் நகர்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். என் பங்கு மக்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தின நாள், ஜூலை 5, இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமியின் நான்காம் ஆண்டு நினைவுநாள். முற்றத்தில் நின்ற அதே மனிதர்கள் அவரைப் பற்றிக் கண் கலங்கப் பேசக்கூடியவர்கள். ஒருவருக்காகக் கலங்கும் கண், இன்னொருவருக்கு வரும்போது 'ஆனாலும்' என்று ஏன் சுருங்குகிறது? நான் சண்டைக்கு வருவது இந்தக் கேள்வியோடுதான்.

ஸ்டான் சுவாமி நம் மாவட்டத்துக்காரர். திருவரங்கத்தை வடக்கே அணைத்து ஓடும் கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள விரகலூரில் 1937 ஏப்ரல் 26 அன்று பிறந்தவர். தம் வாழ்வின் பின்பாதியை ஜார்கண்ட் ஆதிவாசி மக்களிடையே கழித்தார். 2020 அக்டோபர் 8 இரவு, பீமா கோரேகான் வழக்கில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் தேசியப் புலனாய்வு முகமை அவரை ராஞ்சியில் கைது செய்து மும்பைக்குக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்கும். குவளையைத் தூக்கிக் குடிக்க முடியாது. உறிஞ்சுகுழலும் அதற்குரிய குவளையும் வேண்டுமென்று நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தை அணுகினார். பதில் சொல்ல முகமைக்கு இருபது நாள் அவகாசம் தரப்பட்டது. அவருடைய குவளையைத் தாங்கள் எடுக்கவில்லை என்று நவம்பர் 26 அன்று முகமை பதில் சொன்னது. 2021 மார்ச்சில் அவருடைய ஜாமீன் மனு தள்ளுபடியாயிற்று. மே மாத இறுதியில்தான் உயர் நீதிமன்ற உத்தரவால் பாந்திராவிலுள்ள திருக்குடும்ப மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். ஜூலை 5 அன்று, ஜாமீன் கேட்கும் மேல்முறையீடு நீதிபதிகள் முன் எடுக்கப்பட்ட வேளையில், அவர் இறந்துவிட்ட செய்தி நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழலும் குவளையும் நம் நெஞ்சில் தைத்துவிட்டன. ஆனால் அவர் எதற்காக அந்தச் சிறைக்குப் போக நேர்ந்தது என்பதை நாம் பேசுவதில்லை. நக்சலைட்டுகள் என்று முத்திரை குத்திச் சிறையில் அடைக்கப்பட்ட ஆதிவாசி இளைஞர்களைப் பற்றி அவரும் தோழர்களும் ஓர் ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூவாயிரம் விசாரணைக் கைதிகளைச் சொந்தப் பிணையில் விடவேண்டும், வழக்குகளை விரைந்து முடிக்கவேண்டும் என்று ஜார்கண்ட் உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். விசாரணைக் கைதிகளுக்காக வழக்காடியவர் விசாரணைக் கைதியாகவே செத்தார். தலோஜா சிறையிலிருந்து எழுதிய கடிதத்திலும், தம் மேல் சாட்டப்பட்ட குற்றம் என்னவென்றே அறியாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஏழைக் கைதிகளைப் பற்றித்தான் அவர் எழுதினார். நாமோ அவருடைய வெள்ளைத் தாடியைப் படமாக்கிக்கொண்டு, அவருடைய கைதிகளை அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டோம்.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். 2021 ஜூலையில், அப்போது நான் இருந்த பங்கில் ஸ்டான் சுவாமிக்கு நினைவுத் திருப்பலி வைத்தோம். 'எங்கள் மண்ணின் மைந்தர்' என்று கோயில் வாசலில் பெரிய பதாகை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எங்கள் பங்கைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை, இருசக்கர வண்டித் திருட்டு என்று சொல்லி நள்ளிரவில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பையன். அவன் அம்மா பூக்கட்டி விற்பவர். பொழுது விடியுமுன் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டினார். "சாமி, நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா அடிக்க மாட்டாங்க சாமி" என்றார். நான் போகவில்லை. காலையில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், 'நன்னடத்தை உள்ள குடும்பம்' என்று. கடிதத்தால் யாருக்கு என்ன பயன்?

அந்தப் பதாகைக்கு நன்கொடை கொடுத்த அன்பர்களுள் ஒருவர் பங்குப் பேரவைக் கூட்டத்தில், "அந்தப் பையன் வழக்கில் கோயில் பேர் அடிபடக் கூடாது" என்றார். பங்கின் உதவிச் சங்கம் அந்த அம்மாவுக்குக் கொடுத்துவந்த மாத அரிசியை நிறுத்தியது. பூ கேட்டு வந்த வீடுகளும் கேட்பதை விட்டுவிட்டன.

ஜூலைக் கடைசியில் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்ததோ அக்டோபரில். இடைப்பட்ட நாள்களில் அவனைச் சிறையில் வைத்திருந்தது நீதிமன்றமோ காவல்துறையோ அன்று, நாங்கள். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். ஒருவர் இரத்த உறவாக இருக்கலாம், இன்னொருவர் வீட்டு வரி ரசீது உள்ளவராக இருக்கவேண்டும். முந்நூறு குடும்பங்கள் உள்ள பங்கில் ஒரு ரசீது கிடைக்கவில்லை. நான் மட்டும் என்ன செய்தேன்? என் பெயரில் வீடில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். பூர்வீக வீட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும். 2023-இல் அவன் விடுதலையானான். வண்டிக்குச் சொந்தக்காரரே இவனை அடையாளம் காட்டவில்லை.

இதை ஏதோ ஒரு பங்கின் குறை என்று யாரும் எண்ணவேண்டாம். 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். சிறை என்றால் குற்றவாளிகள் இருக்கும் இடம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கணக்குப் பார்த்தால், குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள் இருக்கும் இடம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஜாமீனுக்குச் சொத்துக் கேட்கும் கொடுமை இன்று நேற்று வந்ததன்று. 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் மோத்தி ராம் வழக்கு என்று ஒன்று வந்தது. அவர் ஓர் ஏழைக் கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார் நடுவர். உடன்பிறந்தவர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதியரசர் கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பின்னர், 2023 ஜனவரியில், ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவர்களுக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே தானாக ஆராயலாம் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் வழிகாட்ட வேண்டியிருந்தது. கிருஷ்ணய்யர் சொன்னது அத்தனை ஆண்டுகளாகக் கீழ் நீதிமன்றப் படிகளில் இறங்கவேயில்லை என்றுதானே பொருள்!

இதற்கிடையே சட்டங்களின் பெயர் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 479-ஆம் பிரிவு, முதன்முறை வழக்கில் சிக்கியவர் அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடவேண்டும் என்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் பயனில்லை. எனினும் நல்ல பிரிவுதான், நன்றி சொல்வோம். அதே சட்டத்தின் 187-ஆம் பிரிவோ, முன்பு கைதான முதல் பதினைந்து நாளுக்குள் முடிந்துவிட்ட போலீஸ் காவலை, முதல் நாற்பது அல்லது அறுபது நாள் வரை பிரித்துப் பிரித்துக் கேட்க இடம் கொடுத்திருக்கிறது. போலீஸ் காவல் என்றால் என்ன என்று பூக்கட்டும் அந்த அம்மாவைக் கேட்டால் தெரியும்.

சட்டத்தைப் படித்தவர்கள் இவற்றை விரிவாகப் பேசட்டும். நான் மறைநூல் படித்தவன். அதில் உள்ளதைப் பேசுகிறேன்.

திருத்தூதர் பணிகள் நூலின் 24-ஆம் அதிகாரத்தை எத்தனை பேர் கவனித்துப் படித்திருக்கிறோம்? செசரியாவில் தூய பவுல் இரண்டாண்டு விசாரணைக் கைதியாகக் கிடந்தார். ஆளுநர் பெலிக்சு தீர்ப்பும் சொல்லவில்லை, விடுவிக்கவும் இல்லை. காரணத்தை லூக்கா மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்: பவுல் பணம் கொடுப்பார் என்று அந்த மனிதன் எதிர்பார்த்தான். அதற்கு முன் பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் வெளியே போகச் சொன்னபோது பவுல் போக மறுத்தார். உரோமைக் குடிமக்களைத் தீர்ப்பின்றி மக்கள் முன்னிலையில் அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவதா, அதிகாரிகளே வந்து அழைத்துப் போகட்டும் என்று நின்றார். குடியுரிமை பேசுவது அரசியல், அது கோயிலுக்குள் வேண்டாம் என்பவர்கள் இந்தப் பவுலை எங்கே வைப்பார்கள்? யோவான் நற்செய்தியில் நிக்கதேம் துணிந்து எழுப்பிய கேள்வியும் இதுதான்: ஒருவன் சொல்வதைக் கேட்காமல், அவன் செய்ததை அறியாமல், அவனைத் தீர்ப்பிடச் சட்டம் இடங்கொடுக்கிறதா? அதற்கு அவனுடைய கூட்டத்தார் கொடுத்த பதில் ஏளனம்.

ஆண்டவரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இரவில் கைதானவர், விடியுமுன் அடிபட்டவர்.

நம் தமிழ் மண்ணில் உயர்த்தப்பட்ட பீடங்களைப் பாருங்கள். ஓரியூரில் 1693-இல் வெட்டுண்ட புனித அருளானந்தர் ஒரு கைதி. 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், 1749-இல் அரச துரோகக் குற்றச்சாட்டில் கைதாகி, எருமையின்மேல் ஊர்வலம் விடப்பட்டு, ஏறத்தாழ மூன்றாண்டு வதைபட்டு, 1752 ஜனவரியில் காற்றாடி மலையில் சுடப்பட்டவர். எருமைமேல் போன அந்த மனிதரை வழியில் நின்று பார்த்த கூட்டத்திலும், நெருப்பில்லாமல் புகையுமா என்று சொன்னவர்கள் இருந்திருக்கத்தான் வேண்டும். இன்று அவருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறோம். அன்று அந்தத் தெருவில் நாம் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

தமிழனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மறைநூல் கூடத் தேவையில்லை. கோவலன் கண்ணகியோடு நம் ஊர் வழியாகத்தான் மதுரைக்குப் போனான். ஆற்றிடைக்குறையில் இருந்த சோலையில் தங்கி, ஓடமேறித் தென்கரை சேர்ந்து, உறையூரைக் கண்டு போனதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. போனவன் திரும்பவில்லை. நகைத் திருட்டுப் புகார்தான் அவன்மீதும். அரசியின் ஊடலைத் தணிக்கும் அவசரத்தில் நடந்தபடியே உத்தரவு போட்டான் பாண்டியன். விசாரிக்கவில்லை. பார்க்கப்போன காவலருள் ஒருவன், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினான் என்பதையும் இளங்கோ எழுதிவைத்திருக்கிறார். உண்மையான திருடனாகிய பொற்கொல்லன், கள்வர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று நீளமாக விளக்கம் சொல்லி அந்தத் தயக்கத்தைப் போக்கினான். குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசினான். சந்தேகப்பட்ட காவலனுடைய குரலை, விவரம் தெரிந்தவன் போலப் பேசியவனுடைய குரல் அமுக்கியது. வேப்பமரத்தடியிலும் அதுவே நடந்தது. மடப்புரம் மதுரைக்கு எவ்வளவு அருகில் என்பதை நான் நினைக்காமல் இருக்க முயன்று தோற்றேன்.

"பாதிக்கப்பட்டவர்களின் கண்ணீர் உங்களுக்குத் தெரியவில்லையா சாமி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொள்ளையில் தாலியை இழந்த பெண்ணுக்கும், மகளைப் பறிகொடுத்த தகப்பனுக்கும் நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அடக்கத் திருப்பலி நிறைவேற்றியிருக்கிறேன். அவர்களுக்கு நீதி வேண்டும். ஆனால் தவறான ஆளைத் தண்டிப்பதால் அவர்களுக்குக் கிடைப்பது நீதியன்று. உண்மைக் குற்றவாளிக்குக் கிடைக்கும் விடுதலைதான் அது. 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே பெண் மருத்துவரின் கொடிய கொலைக்காகப் பிடிபட்ட நால்வரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றபோது நாடே பூத் தூவியது. நம் இளையோர் குழுவினரும் செல்பேசியில் வாழ்த்து அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டார்கள் என்றும், அவர்களுள் மூவர் சிறார் என்றும் கூறியது. பூத் தூவிய கைகள் அதற்குப்பின் என்ன செய்தன?

காவலர்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. எங்கள் பங்கிலும் காவலர் குடும்பங்கள் உண்டு. விடுப்பில்லாமல், உறக்கமில்லாமல், மேலதிகாரி கேட்கும் கணக்குக்காக அல்லாடும் மனிதர்கள். 'நாலு தட்டுத் தட்டினால்தான் உண்மை வரும்' என்ற எண்ணத்தை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் நாம். நம் திரைப்படங்களும் நம் கைதட்டல்களும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 27-ஆம் எண்ணில், கொலையையும் கருக்கலைப்பையும் கண்டிக்கும் அதே மூச்சில் சித்திரவதையையும் முறையற்ற சிறையடைப்பையும் கண்டிக்கிறது. முதலிரண்டையும் நாம் மறையுரையில் கேட்டிருக்கிறோம். பின்னிரண்டையும் கேட்டதுண்டா? கேட்கவில்லையென்றால் அந்தக் குறை மறையுரை ஆற்றியவர்களுடையது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புதுக்கோட்டைச் சாலையில் விமானநிலையம் போகும்போதெல்லாம் நம் மத்தியச் சிறையின் மதிலைக் கடக்கிறோம். அதே வளாகத்தில் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில் ஈழத் தமிழர் உள்ளிட்ட வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் இடம் ஒன்று உண்டு. ஜாமீன் பெற்றவரையும் தண்டனை முடிந்தவரையும் 1946-ஆம் ஆண்டு அந்நியர் சட்டத்தைக் காட்டி அங்கே அடைத்தார்கள். அச்சட்டத்தின் இடத்தில் 2025-இல் வேறு சட்டம் வந்தது. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த சாந்தன், சிறையிலிருந்து வெளிவந்து போய்ச் சேர்ந்த இடம் இந்த முகாம்தான். ஊர் திரும்ப அனுமதி கிடைத்த சில நாள்களில், 2024 பிப்ரவரி 28 அன்று, தாயைப் பார்க்காமலே சென்னை மருத்துவமனையில் இறந்தார். அந்த வழக்கைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கும், இருக்கட்டும். நீதிமன்றம் திறந்துவிட்ட கதவை நம் ஊரில் மறுபடி சாத்தினார்கள் என்பதுதான் என் கவலை. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பர் 26 அன்று யூபிலி ஆண்டின் புனிதக் கதவுகளுள் ஒன்றை உரோமையின் ரெபிபியா சிறையில் திறந்தார். நாம் பேருந்து ஏறித் தொலைதூரத் திருத்தலங்களுக்குப் போய் யூபிலிப் பலன் தேடினோம். நம் சிறை மதில் நகரப் பேருந்தில் போகிற தூரத்தில் இருந்தது.

சிறைப்பணி செய்யும் அருள்சகோதரிகளும் பொதுநிலையினரும் நம் மறைமாவட்டத்தில் இல்லாமல் இல்லை. ஆகஸ்ட் மாத இரண்டாம் ஞாயிறை ஆயர் பேரவை சிறைப்பணி ஞாயிறாக வைத்திருக்கிறது. அன்று உண்டியல் எடுக்கிறோம். சோப்பும் ரொட்டியும் வாங்கிக் கொடுக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவனுக்கு ரொட்டி கொடுப்பதைவிட, ஒரு வீட்டு வரி ரசீது கொடுப்பது மேல். கைதில் உள்ள எவருக்கும் கட்டணமில்லா வழக்கறிஞர் பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்தபின் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நம் பங்குகளில் வழக்கறிஞர்கள் எத்தனை பேர்! திருவிழாக் கொடியேற்றத்தில் பொன்னாடை வாங்கிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு வழக்கு, கட்டணமின்றி, அந்தப் பூக்கார அம்மாவைப் போன்ற ஒருவருக்காக நடத்தச் சொல்லிப் பங்குப் பேரவை கேட்டதுண்டா?

இப்போதுள்ள பங்கில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். வழக்கறிஞர் ஒருவர் வழக்கைப் பார்த்து, தேவை உண்மைதான் என்று சொன்னால், தெரியாத ஒரு பையனுக்காகவும் ஜாமீன் கையெழுத்துப் போடச் சம்மதிப்பவர்கள் அதில் பெயரெழுதலாம் என்று இரண்டு ஞாயிறு அறிவித்தேன். முதற்பெயர் என்னுடையது, பூர்வீக வீட்டு ரசீதின் நகலையும் ஒட்டியிருக்கிறேன். இரண்டாவது பெயர் ஆட்டோ ஓட்டும் ஒருவருடையது. மூன்றாவதாக, சென்ற வாரம், அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்து குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். "பையன் ஓடிப்போய்விட்டால் என் வீடு போய்விடுமா சாமி?" என்று கேட்டார். நீதிமன்றம் விதிக்கும் தொகையைக் கட்டவேண்டி வரலாம் என்றேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.